கிராங்க் ஷாஃப்ட் ஒரு அங்குலம்: புல்வெட்டும் டிராக்டர் ஒன்றின் எஞ்சின் மாற்றம்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், ஏறக்குறைய ஒரு ஏக்கர் புல்தரை உள்ள வீட்டில் ஓடிக்கொண்டிருந்த டிராக்டர் இது. உட்கார்ந்து ஓட்டும் ரகம். அடியில் 42 அங்குல வெட்டும் டெக், அதில் இரண்டு பிளேடுகள், எண்ணெய் அழுத்தத்தால் சக்கரங்களை ஓட்டும் ஹைட்ரோஸ்டாட்டிக் டிரான்ஸ்மிஷன், மேல்மூடியில் ‘17.5 குதிரைத்திறன்’ என்று பெரிய எழுத்து. உரிமையாளர் என் பக்கத்து வீட்டுப் பெரியவர். அவர் சொன்ன குறை இது: சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் அரைச் சுற்று சுற்றி, எதிலோ முட்டியதுபோல் நின்றுவிடுகிறது. புது பேட்டரி போட்டுப் பார்த்தார், மாற்றமில்லை. கடையில் ஸ்டார்ட்டரையும் மாற்றச் சொன்னார்கள்.

இந்த வண்டியின் எஞ்சின் கடைசியில் மாற்றப்பட்டது. ஆனால் இந்தக் குறைக்காக மாற்றப்படவில்லை. முதல் குறை, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஒரு ஃபீலர் கேஜால் தீர்ந்தது. இரண்டாவது குறை கண்டுபிடிக்கப்பட்டும் தள்ளிப்போடப்பட்டது. அந்த இரண்டாவது குறைதான் எஞ்சினைக் கொன்றது. இந்த வரிசையைப் பதிவு செய்வது முக்கியம் என்று நினைக்கிறேன். காரணம், ‘ஸ்டார்ட் ஆகவில்லை’ என்ற ஒரே காரணத்துக்காகக் குப்பைக்குப் போகும் எஞ்சின்களில் பல இன்னும் சாகாதவை. உண்மையிலேயே சாகப்போகும் எஞ்சினோ கடைசி நாள்வரை நன்றாகவே ஸ்டார்ட் ஆகும்.

எண்ணைப் படித்தல்

எந்தப் பாகத்தையும் கழற்றுவதற்கு முன் எஞ்சின் எண்ணைத் தேடினேன். டிராக்டரின் எண் வேறு, எஞ்சினின் எண் வேறு. இருக்கைக்கு அடியில் ஒட்டியிருப்பது டிராக்டரின் எண். அதை வைத்துக்கொண்டு எஞ்சின் பாகம் கேட்டால் தவறான பொருள் வர வாய்ப்புண்டு. ஒரே மாடல் டிராக்டரில் ஓர் ஆண்டு ஒரு கம்பெனி எஞ்சினும் மறு ஆண்டு வேறு கம்பெனி எஞ்சினும் பொருத்தி விற்பது இந்தத் தொழிலில் வழக்கம்.

இதில் இருந்தது 1908-இல் மில்வாக்கியில் தொடங்கப்பட்ட பிரிக்ஸ் அண்ட் ஸ்டிராட்டன் நிறுவனத்தின் ஓவர்ஹெட் வால்வு எஞ்சின் (வால்வுகள் சிலிண்டருக்கு மேலே இருக்கும் வகை). இவற்றில் எண் தகட்டிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். பெரும்பாலும் வால்வு மூடியின் மேலோ ஸ்பார்க் பிளக்குக்கு அருகிலுள்ள தகட்டிலோ இருக்கும். பழைய புல் தூசியும் எண்ணெயும் கெட்டியாகி அதை மூடியிருந்தன. பித்தளைப் பிரஷ்ஷால் தேய்த்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தபோது மூன்று தொகுதிகளாக எழுத்துகள் தெரிந்தன: மாடல், டைப், கோடு.

மாடல் எண் 31ஆர்907. முதல் இரண்டு இலக்கங்கள் சிலிண்டரின் கொள்ளளவைக் கன அங்குலத்தில் சொல்கின்றன. பெயரளவில் 31, துல்லியமாக 30.59, அதாவது 501 சிசி. ‘ஆர்’ என்பது வடிவமைப்பு வரிசை. அடுத்த இலக்கம், பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் எந்தத் திசையில் நிற்கிறது என்பதைச் சொல்லும்: 0 முதல் 4 வரை படுக்கை, 5 முதல் 9 வரை செங்குத்து. இங்கே 9, ஆகவே செங்குத்து. அடுத்த இலக்கம் பேரிங் வகையைக் குறிக்கும். கடைசியில் உள்ள 7, எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டரும் ஆல்டர்னேட்டரும் உண்டு என்பதற்கான அடையாளம்.

டைப் எண்ணைப் பலரும் கவனிப்பதில்லை. ஷாஃப்ட்டின் அளவு, ஆல்டர்னேட்டர் வகை, வேகக் கட்டுப்பாட்டின் அமைப்பு போன்ற நுணுக்கங்கள் அதில்தான் அடங்கியிருக்கின்றன. மாடல் ஒன்றாக இருந்து டைப் வேறானால் எஞ்சின் டிராக்டரில் உட்காராமல் போகலாம். கோடு எண் தயாரித்த தேதியைச் சொல்லும்: ஆண்டு, மாதம், நாள் என்று இரண்டிரண்டு இலக்கங்கள், பின்னால் ஆலைக் குறியீடு. இது 09, 03 என்று தொடங்கியது. 2009 மார்ச்சில் பிறந்த எஞ்சின்.

மூடியில் இருந்த 17.5 குதிரைத்திறனை நான் குறித்துக்கொள்ளவே இல்லை. அந்த எண்ணை வைத்து மாற்று எஞ்சின் தேடுவது வீண். குதிரைத்திறனை மிகைப்படுத்திக் காட்டினார்கள் என்று புல்வெட்டி, எஞ்சின் தயாரிப்பாளர்கள் பலர் மீது அமெரிக்காவில் தொடரப்பட்ட கூட்டு வழக்கு, 2010-இல் விஸ்கான்சின் ஃபெடரல் நீதிமன்றத்தில் 6.5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. ‘கிராஸ்’ குதிரைத்திறன் என்று போடப்படுவது ஏர் ஃபில்டரும் சைலன்சரும் இல்லாமல் அளந்த சக்தி. டிராக்டரில் ஏறிய பின் கிடைப்பது அதைவிடக் குறைவு. கொள்ளளவு, ஷாஃப்ட் அளவு, டைப் எண் மூன்றும் பொய் சொல்லாதவை.

முதல் குறை: முட்டி நிற்கும் ஸ்டார்ட்டர்

பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, பிளக் ஒயரை எஞ்சின் உலோகத்தில் தொட வைத்துச் சாவியைத் திருப்பினேன். எஞ்சின் தங்குதடையின்றிச் சுழன்றது. இந்த ஒரு சோதனையிலேயே பேட்டரி, கேபிள், சோலனாய்டு, ஸ்டார்ட்டர் நான்கும் ஏறக்குறைய குற்றமற்றவை ஆகிவிட்டன. பிளக் இருக்கும்போது மட்டும் நிற்கிறது என்றால், ஸ்டார்ட்டரைத் தடுப்பது சிலிண்டருக்குள் அடைபடும் காற்றுதான்.

500 சிசி கொண்ட ஒற்றைச் சிலிண்டரை அவ்வளவு சிறிய ஸ்டார்ட்டர் முழு அழுத்தத்துக்கு எதிராகச் சுழற்ற முடியாது. அதனால்தான் வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம் ஷாஃப்ட்டில் ‘கம்ப்ரஷன் ரிலீஸ்’ என்ற ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். ஸ்டார்ட் செய்யும் மெதுவான வேகத்தில் ஒரு சிறிய மேடு வெளியே வந்து, அழுத்தச் சுற்றின்போது ஒரு வால்வை மயிரிழை அளவு திறந்து கொஞ்சம் காற்றை வெளியே விடும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அந்த மேடு உள்ளே ஒடுங்கிவிடும். அது வால்வைத் தூக்கும் உயரம் மிகக் குறைவு. வால்வை அழுத்தித் திறக்கும் ராக்கர் ஆர்முக்கும் வால்வுக்கும் இடையிலுள்ள இடைவெளி அந்த உயரத்தைவிடக் கூடிவிட்டால், மேடு எழுந்தும் வால்வு அசையாது. காற்று முழுதும் உள்ளேயே அடைபடும். ஸ்டார்ட்டர் முட்டி நிற்கும்.

வால்வு மூடியைத் திறந்தேன். பிஸ்டனை அழுத்தச் சுற்றின் உச்சிக்குக் கொண்டுவந்து, பிளக் துளையில் ஒரு மெல்லிய கம்பியை விட்டு, உச்சியிலிருந்து கால் அங்குலம் கீழே இறங்கும்வரை ஃபிளைவீலைத் திருப்பினேன். அந்தக் கால் அங்குலம் அவசியம். சரியாக உச்சியிலேயே அளந்தால் கம்ப்ரஷன் ரிலீஸ் மேடு வால்வைத் தாங்கிக்கொண்டிருக்கும், அளவு பொய்யாகும். இன்டேக் வால்வுக்கு 0.003 முதல் 0.005 அங்குலம், எக்ஸாஸ்ட்டுக்கு 0.005 முதல் 0.007 அங்குலம் என்பது இந்த எஞ்சினுக்குரிய இடைவெளி. இரண்டிலுமே 0.015 அங்குலத் தகடு தாராளமாக நுழைந்தது. ராக்கரைப் பிடிக்கும் நட்டுகள் தளர்ந்திருந்தன. இடைவெளியைச் சரிசெய்து, பூட்டுத் திருகை இறுக்கி, மூடியைப் போட்டுச் சாவியைத் திருப்பினேன். எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது. பெரியவர் வாங்கிய புது பேட்டரி தேவையே இல்லாத செலவு. நல்லவேளை, ஸ்டார்ட்டர் வாங்குவதற்குள் இது தெரிந்துவிட்டது.

இரண்டாவது குறை: யாரும் கேட்காத நோய்

எஞ்சின் ஓடும்போது சைலன்சரில் நீலப்புகை வந்தது. ஏர் ஃபில்டரைத் திறந்தால் அதன் அடிப்பகுதி எண்ணெயில் ஊறியிருந்தது. டிப்ஸ்டிக்கில் எண்ணெய் அடிக்கோட்டுக்குக் கீழே. எஞ்சினின் உள்காற்றை வெளியேற்றும் பிரீதர் குழாய் வழியாக எண்ணெய் கார்புரேட்டருக்குப் போய் எரிகிறது என்பது தெளிவு. எண்ணெய் தேங்கும் கிராங்க் பெட்டிக்குள் இருக்கக்கூடாத அழுத்தம் எங்கிருந்தோ வருகிறது. பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம், அல்லது சிலிண்டர் மூடியின் அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கெட் எரிந்திருக்கலாம்.

இங்கே பலர் கம்ப்ரஷன் கேஜை எடுப்பார்கள். கம்ப்ரஷன் ரிலீஸ் உள்ள எஞ்சினில் அந்தக் கேஜ் காட்டும் எண்ணை நம்ப முடியாது. ஸ்டார்ட்டர் வேகத்தில் காற்றை வேண்டுமென்றே வெளியே விடும் எஞ்சின் அது. நம்பத்தக்கது லீக்டவுன் சோதனை. பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும்போது, பிளக் துளை வழியாகக் கம்ப்ரசர் காற்றை விட்டு, காற்று எந்த வழியாகத் தப்புகிறது என்று காதால் கேட்பது. கார்புரேட்டரில் சீறினால் இன்டேக் வால்வு. சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. எண்ணெய் ஊற்றும் குழாயில் சீறினால் ரிங் அல்லது கேஸ்கெட்.

ஓர் எச்சரிக்கை. பிஸ்டன் உச்சியிலிருந்து மயிரிழை விலகியிருந்தாலும் காற்றின் அழுத்தம் கிராங்க் ஷாஃப்ட்டைப் பலமாகச் சுழற்றிவிடும். ஃபிளைவீல் நட்டில் நீண்ட கைப்பிடியை மாட்டி இறுகப் பிடித்திருக்க வேண்டும். டெக்குக்கு அடியில் யாருடைய கையும் இருக்கக்கூடாது.

காற்றைத் திறந்ததும் எண்ணெய் ஊற்றும் டிப்ஸ்டிக் குழாயில்தான் சீறல் கேட்டது. பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, எஞ்சினைக் கையால் சில சுற்று சுற்றி மறுபடி சோதித்தேன். ரிங் தேய்மானம் என்றால் எண்ணெய் அந்த இடைவெளியை நிரப்பிச் சீறலைக் குறைத்திருக்கும். குறையவில்லை. ஆகவே கேஸ்கெட். ஓவர்ஹெட் வால்வு எஞ்சினில் சிலிண்டருக்கும், ராக்கர் ஆர்மைத் தள்ளும் புஷ்ராடுகள் செல்லும் பள்ளத்துக்கும் இடையே கேஸ்கெட்டின் அகலம் மிகக் குறுகியது. அங்கே எரிந்து வழிவிட்டால் சிலிண்டரில் எரிந்த வாயு நேரே கிராங்க் பெட்டிக்குள் இறங்கும். எண்ணெயைக் குடிப்பதற்கு அதுவே காரணம்.

கேஸ்கெட்டின் விலை சொற்பம். வேலை ஒரு பிற்பகல். ஆனால் மே மாதம். அந்தப் பகுதியில் புல் வெறிகொண்டு வளரும் காலம். ஒரு வாரம் விட்டால் புல் கணுக்காலைத் தாண்டிவிடும். ‘ஜூனில் வளர்ச்சி குறையட்டும், அப்போது பார்த்துக்கொள்வோம்’ என்றார் பெரியவர். எஞ்சின் நன்றாக ஸ்டார்ட் ஆகிறது, நன்றாக வெட்டுகிறது. நோய் இருப்பதாக அவருக்கு நம்பிக்கை வரவில்லை. ஒவ்வொரு முறையும் வெட்டுவதற்கு முன் டிப்ஸ்டிக்கைப் பார்க்கச் சொல்லி எண்ணெய் ஒரு பாட்டில் கொடுத்துவிட்டு வந்தேன்.

சாவு

வீட்டின் பின்புறம் மழைநீர் வாய்க்கால் ஒன்று ஓடுகிறது. அதன் சரிவில் குறுக்காக வெட்டிக்கொண்டிருந்தபோது எஞ்சின் கடகடவென்று இடித்துச் சத்தமாக வெடித்து நின்றது. போய்ப் பார்த்தபோது வாய்க்கால் கரைப் புல்லில் எண்ணெய்த் தடம். எஞ்சின் உடலில் ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில், கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. உள்ளே உடைந்த அலுமினியத் துண்டு பளபளத்தது.

கழற்றிப் பார்த்ததில் தெரிந்தவை இவை. பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்ட்டோடு இணைக்கும் கனெக்டிங் ராட் இரண்டாக உடைந்து, அதன் மேல்துண்டுதான் உடலைத் துளைத்திருக்கிறது. கிராங்க் ஷாஃப்ட்டில் ராட் பிடிக்கும் இடம் வெள்ளிப் பூச்சு பூசியதுபோல் இருந்தது. நகத்தால் சுரண்டினால் பெயரவில்லை. ராடின் அலுமினியம் உருகி எஃகின்மேல் ஒட்டிக்கொண்டிருந்தது. இந்த எஞ்சின்களில் ராடுக்குத் தனி பேரிங் கிடையாது, அலுமினியம் நேரடியாக எஃகின்மேல் ஓடுகிறது; இரண்டுக்கும் நடுவில் இருப்பது எண்ணெய்ப் படலம் மட்டுமே. அந்தப் படலம் அறுந்தால் உலோகம் உலோகத்தைப் பற்றிக்கொள்ளும். மீதமிருந்த எண்ணெயை வடித்தபோது ஒரு சிறிய தம்ளர்கூட நிறையவில்லை. இருக்க வேண்டியது சுமார் 1.4 லிட்டர். ஹெட்டைக் கழற்றியபோது சிலிண்டருக்கும் புஷ்ராடு பள்ளத்துக்கும் நடுவே கேஸ்கெட்டில் கரிக்கோடு ஒன்று ஓடியிருந்தது.

ராட் உடைவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் பழுதாகி எஞ்சின் எல்லை மீறிய வேகத்தில் ஓடுவது. அதை விலக்காமல் ‘எண்ணெய்க் குறைவு’ என்று எழுதிவிடக் கூடாது. கவர்னர் பல்சக்கரத்தில் ஒரு பல்லும் உடையவில்லை, வெளிநெம்புகோலும் ஸ்பிரிங்கும் தம் இடத்தில் இருந்தன. வேக மீறல் காரணமில்லை.

சரிவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இதில் எண்ணெய் பம்ப் இல்லை. அடியில் சுழலும் துடுப்பு எண்ணெயை வாரி இறைத்தே எல்லா இடங்களையும் நனைக்கிறது. எண்ணெய் குறைந்து வண்டியும் சாய்ந்தால், எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கித் துடுப்புக்கு எட்டாமல் போகும். இத்தகைய டிராக்டர்களின் கையேடுகள் 15 டிகிரிக்கு மேற்பட்ட சரிவில் ஓட்டாதே என்று சொல்கின்றன. கவிழ்ந்துவிடும் என்பதற்காகச் சொல்லப்பட்டது அது. எண்ணெய் குறைந்த எஞ்சினுக்கு அதைவிடச் சிறிய சரிவே போதும்.

மாற்று எஞ்சினைத் தேர்ந்தெடுத்தல்

உடல் துளைபட்டுவிட்டதால் ராட் மட்டும் மாற்றும் பேச்சுக்கே இடமில்லை. பழைய எஞ்சின் வாங்கலாம், ஆனால் அதன் கேஸ்கெட்டும் ராடும் எந்த நிலையில் இருக்கின்றன என்று விற்பவருக்கே தெரியாது. டிராக்டரின் டெக்கும் டிரான்ஸ்மிஷனும் திடமாக இருந்தன. ஆகவே புது எஞ்சின் என்று முடிவானது.

பெரியவர் இந்த முறை இரட்டைச் சிலிண்டர் எஞ்சின் போட ஆசைப்பட்டார். நான் உறுதியாக மறுத்தேன். இரட்டைச் சிலிண்டருக்குச் சைலன்சர் வேறு, வெளிப்போக்குக் குழாயின் வளைவு வேறு, மூடிக்கு அடியில் இடமும் போதாது. 42 அங்குல டெக்குக்கு 500 சிசி தாராளம். கூடுதல் சக்தியை அந்த டிரான்ஸ்மிஷனால் தாங்கவும் முடியாது.

அளவுநாடாவையும் காலிப்பரையும் எடுத்து அளந்த பிறகே ஆர்டர் கொடுத்தோம். கிராங்க் ஷாஃப்ட் விட்டம் 1 அங்குலம், நீளம் 3 5/32 அங்குலம், புல்லியைப் பூட்டும் சாவிப்பள்ளம் கால் அங்குலம், முனையில் 7/16 அங்குல போல்ட்டுக்கான துளை, அதில் அங்குலத்துக்கு 20 மரை. நீளம் குறைந்தால் கீழே தொங்கும் இரண்டு புல்லிகளும் டிராக்டரின் பெல்ட் மட்டத்துக்கு வராது. நீளம் கூடினால் டெக்கில் இடிக்கும். அடுத்து, எக்ஸாஸ்ட் எந்தப் பக்கம், எண்ணெய் வடிகுழாய் சட்டத்தில் இடிக்காமல் வெளியே வருமா, கார்புரேட்டரில் எரிபொருளை நிறுத்தும் சோலனாய்டு உண்டா என்று பார்த்தோம்.

பொருத்துதல்

பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை முதலில் கழற்றினோம். டெக்கை இறக்கி, பெட்ரோல் குழாயை இறுக்கிக் கட்டி, ஒயர்களை ஒவ்வொன்றாகப் புகைப்படம் எடுத்து விடுவித்தோம். மிகுந்த நேரம் பிடித்தது கிராங்க் புல்லி. துருப்பிடித்து ஷாஃப்ட்டோடு ஒன்றிப்போயிருந்தது. பழைய எஞ்சின்தானே என்று சுத்தியலால் அடித்தால் புல்லியின் விளிம்பு வளையும், புது எஞ்சினில் பெல்ட் துள்ளும். துருவை நீக்கும் எண்ணெயை ஊற்றி இரவு முழுதும் ஊறவைத்து, இழுத்துக் கழற்றும் கருவியான புள்ளர் போட்டு இழுத்தோம். புது ஷாஃப்ட்டில் ஏற்றுமுன், மறுபடி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஆன்டி-சீஸ் பசை தடவினோம்.

பிளேடுகளை இயக்கும் மின்கிளட்ச்சில் ஒரு சிறு தகடு இருக்கிறது. கிளட்ச்சின் காந்தப்பகுதி ஷாஃப்ட்டோடு சேர்ந்து சுழலாமல் அது தடுக்கிறது. சட்டத்திலுள்ள பிடியில் அது சரியாக உட்கார வேண்டும். அதை மறந்தால் முதல் ஸ்டார்ட்டிலேயே கிளட்ச் சுழன்று ஒயர் அறுந்துபோகும்.

புது எஞ்சினின் அடியில் இருந்த போல்ட் துளைகளில் மரை கிடையாது. போல்ட்டே மரையை வெட்டிக்கொண்டு போகும். முதல் சில சுற்றுகளைக் கையாலேயே நேராகத் திருக வேண்டும். மோட்டார் ஸ்பேனரைப் போட்டால் அலுமினியத்தில் கோணலாக மரை விழுந்துவிடும், பிறகு அதைச் சரிசெய்வது பெரும்பாடு.

ஒயரிங்கில்தான் கவனம் முழுதும் செலவானது. பழைய எஞ்சினின் ஆல்டர்னேட்டர் இரண்டு வழிகள் கொண்டது: சிவப்பு ஒயரில் பேட்டரிக்கு 3 ஆம்பியர் நேர்மின்னோட்டம், கறுப்பு ஒயரில் முகப்பு விளக்குக்கு 5 ஆம்பியர் மாறுமின்னோட்டம். புது எஞ்சினில் ரெகுலேட்டரோடு கூடிய ஒற்றை வெளியீடு. விளக்கு ஒயரை எஞ்சினிலிருந்து பிரித்து, சாவிச் சுவிட்ச்சின் வழியே பேட்டரியிலிருந்து எடுத்துக்கொண்டோம். இன்னொன்று: எஞ்சினை நிறுத்தும் ஒயர், பற்றவைக்கும் காயிலை எஞ்சின் உலோகத்தோடு இணைத்து அணைப்பதற்கு மட்டுமே உரியது. அதில் பேட்டரி மின்சாரம் ஒரு நொடி பாய்ந்தாலும் காயில் போய்விடும். டிராக்டரின் இணைப்பியில் எந்த முனை எது என்று மீட்டரால் பார்த்த பிறகுதான் மாட்டினோம். எரிபொருளை நிறுத்தும் சோலனாய்டுக்கோ இதற்கு நேர்மாறாக, சாவி ‘ஆன்’ நிலையில் 12 வோல்ட் வர வேண்டும். வராவிட்டால் பெட்ரோல் ஜெட்டுக்கே போகாது.

புது எஞ்சின் எண்ணெய் இல்லாமல் வந்தது. 1.4 லிட்டரில் பெரும்பகுதியை ஊற்றி, டிப்ஸ்டிக்கைப் பார்த்துப் பார்த்து மேல்கோடுவரை நிரப்பினோம். பிறகு ஸ்டார்ட்.

கிளட்ச் போடாமல் முழு வேகத்தில் பேட்டரி முனைகளில் 13.9 வோல்ட் காட்டியது. ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது. டாக்கோமீட்டரில் வேகம் டிராக்டர் தயாரிப்பாளர் குறித்த எல்லைக்குள் இருந்தது. ‘இன்னும் கொஞ்சம் கூட்டலாமே’ என்று பெரியவர் கேட்டார், மறுத்துவிட்டேன். பிளேடு முனையின் வேகம் நிமிடத்துக்கு 19,000 அடியைத் தாண்டக்கூடாது என்பது அமெரிக்கப் பாதுகாப்புத் தரம். புல்லியின் அளவும் எஞ்சின் வேகமும் சேர்ந்தே அந்த எல்லையைக் காக்கின்றன. இருக்கையிலிருந்து எழுந்தால் பிளேடு நிற்கிறதா, பிரேக் மிதிக்காமல் ஸ்டார்ட் ஆகாமல் இருக்கிறதா என்பதையும் சோதித்தோம்.

ஐந்து மணி நேரம் ஓடியதும் எண்ணெயை மாற்றினோம். வெள்ளைத் தட்டில் வடித்துப் பார்த்தபோது மிக நுண்ணிய உலோக மினுக்கு மட்டுமே இருந்தது, புது எஞ்சினுக்கு அது இயல்பு. டிப்ஸ்டிக் அளவு இறங்கவில்லை, ஏர் ஃபில்டர் உலர்ந்திருந்தது. வாய்க்கால் சரிவைப் பெரியவர் இப்போது கைத்தள்ளு புல்வெட்டியால் வெட்டுகிறார். பழைய எஞ்சினிலிருந்து ஸ்டார்ட்டர், பற்றவைக்கும் காயில், கார்புரேட்டர் ஆகியவற்றைக் கழற்றி, 31ஆர்907 என்ற எண்ணையும் டைப் எண்ணையும் எழுதிய அட்டையோடு ஒரு பெட்டியில் வைத்திருக்கிறேன். அதே வரிசை எஞ்சின் வைத்திருக்கும் யாருக்காவது அவை பயன்படும்.